வடக்கே போகும் கொத்தனார்

செத்துப்போன கொத்தனார் தன் கல்லறையோடு வருடத்துக்கு ஒரு வீட்டு அகலம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தார். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரையில் அலை நேராக வந்து அடிப்பதில்லை. சாய்வாக ஏறி நேராக இறங்கும். ஏறும்போது அள்ளிய மணலைக் கொஞ்சம் தள்ளித்தான் போடும். அலைகள் சேர்ந்து உண்டாக்கும் நீரோட்டமும் கரையோரமாகவே மணலை வடக்கே இழுத்துக்கொண்டு போகும். மணல் போனால் மணலில் படுத்திருப்பவரும் போகத்தானே வேண்டும். உயிரோடு இருந்தபோதும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்தவர் இல்லை. அவர் மனைவியான தையல்காரி, கல்லறை கண்ணில் படும்படி வருடாவருடம் வாடகை வீடு மாறினாள். மெஷினைத் தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்தது. லாரி ஓட்டும் மகனுக்கு அது பொறுக்கவில்லை. கல்லறைக்குச் சற்று வடக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி லோடு லோடாகப் பாறாங்கல் கொட்டினான். மணல் அங்கே தேங்கியது, கல்லறையும் நின்றது. தையல்காரி முதன்முறையாகச் சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டினாள்.

கல்லுக்கு அப்பால், தெரு திரும்பும் இடத்தில் மகள் வீடு. அங்கிருந்த மணலை அலை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போனது. பதிலுக்கு வரவேண்டிய மணல்தான் வரவில்லை. முதலில் வேலி போனது, பிறகு கிணறு. அடுப்படிச் சுவரில் அலை மோதத் தொடங்கியதும் குழந்தை தூங்க மறுத்தது. மகள் அண்ணனிடம் சண்டைக்குப் போகவில்லை. அம்மாவிடம் வந்து, வெகுநேரம் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு, "அப்பா இங்கயே இருக்கட்டும்மா. நாங்க வேற ஊர் பாத்துக்கறோம்" என்றாள்.

கணவன் செத்தபோதுகூடத் தையல்காரி இவ்வளவு பயப்படவில்லை. ஒரு வாரம் மெஷினை மிதிக்கவே இல்லை. பிறகு மகனிடம் கல்லை எடுக்கச் சொன்னாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பொக்லைன் கொண்டுவந்தான். அவள் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போங்க. பொண்ணு வாசல்ல போய் நில்லுங்க. என்னைத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றாள். மணல் முன்னால் போனது, அவர் பின்னால் போனார். மகள் வீட்டுச் சுவரை விட்டுக் கடல் விலகியது. சில வருடங்களில் கல்லறையும் மகள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவையும் அங்கே வந்து இருக்கச் சொன்னாள் மகள். அவர் அங்கேயும் நிற்கப்போவதில்லை, இன்னொரு தடவை வழியனுப்ப என்னால் முடியாது என்று தையல்காரி சொல்லிவிட்டாள். அவள் ஜன்னலில் வெறும் மணல்தான் தெரிந்தது. மகள் தினமும் வாசல் பெருக்கும்போது, "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்பாள். அவரும் தள்ளிக்கொண்டுதான் இருந்தார், வடக்கே.