மாத்தியாச்சு

மாத்தியாச்சு என்றுதானே சொன்னார் அத்தான், சாவியை என் கையில் வைக்கும்போதே சொன்னார், டைமிங் பெல்ட் முதற்கொண்டு எல்லாம் மாத்தியாச்சு, நீ கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் என்று, நானும் நாலு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன், இப்போது என்னடாவென்றால் ஊருக்கு அந்தக் கோடியில், எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாத ஒர்க்‌ஷாப்பில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் திருடியைப் போல உட்கார்ந்திருக்கிறேன்... வழக்கமான ஒர்க்‌ஷாப் அத்தானுடைய சிநேகிதர் வைத்திருப்பது, அங்கே போயிருந்தால் நான் தெருமுனை திரும்புவதற்குள் அவருக்கு ஃபோன் பறந்திருக்கும், உங்க மச்சினி பெல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்றாங்க என்று. அதற்கு நானே அவர் முகத்துக்கு நேரே நின்று, பொய் சொன்னீங்களா அத்தான் என்று கேட்டுவிடலாம்.

மாத்தி எத்தனை வருஷமாச்சு மேடம் என்றார் மெக்கானிக், பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு. மாத்தியாச்சுன்னு சொன்னாங்க என்றேன். பில் இருக்கா என்றார். பில்லாம் பில்! அக்கா புருஷனிடம் பில் கேட்கிற பெண் எங்கள் வீட்டில் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் மாதம், வேலைக்கும் வீட்டுக்கும் என் பெண் பாப்பாவின் காலேஜுக்கும் நடுவில் நான் அல்லாடிக்கொண்டிருந்தபோது, தன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இனிமே இது உன்னுது என்று சொன்ன மனுஷரிடம் எந்த வாயால் கேட்பது... இத்தனைக்கும் நான் வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்தில் எனக்குத் தேதியம்மா என்றே பெயர், காலாவதி ஒரு நாள் தாண்டிய மருந்துப் புட்டியைப் பார்த்தால் போதும், தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை, ஒரு நாள்தானேம்மா என்று யாராவது கெஞ்சினால் ஒரே முறைப்பு. அந்தத் தேதியம்மாதான் எண்பதாயிரம் கிலோமீட்டரில் கைக்கு வந்த வண்டியை ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரைக்கும் ஒரு வாய்ச்சொல்லை நம்பி ஓட்டியிருக்கிறாள். நன்றாக இருக்கிறது என் லட்சணம்.

நான் மட்டுமே ஓட்டுவதாக இருந்தால் இப்படியே இன்னும் நாலு வருஷம் போயிருக்கும். நாளைக்குக் காலையில் பாப்பா கிளம்புகிறாள், முதல் உத்தியோகம், மலைக்கு அந்தப் பக்கம், வண்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று வீறாப்பாகச் சொன்னவளும் நான்தான். சொன்ன அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் லாரி, இவள் மிதிக்க மிதிக்க எஞ்சின் எழும்பாமல்... பெல்ட் அறுந்துபோவது முன்கூட்டித் தெரியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன், ஏதாவது சத்தம், ஏதாவது விளக்கு. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அது சொல்லிட்டு அறுந்துபோறதில்ல மேடம், ஓடிக்கிட்டே இருக்கும், அப்படியே எஞ்சின் நின்னுடும்" என்றார். அக்கா வேறு நேற்றைக்கு இரண்டு தடவை ஃபோன், பாப்பா பஸ்ல போகட்டுமே, எதுக்குடி கார் என்று. அவளுக்கு எப்பவும் இதே வேலை, நான் ஊர் எல்லையைத் தாண்டினால் போதும், எங்க இருக்கே, சேர்ந்துட்டியா, சேர்ந்ததும் சொல்லு. கன்ட்ரோல் ரூம் என்றே பாப்பா அவளுக்குப் பட்டம் வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் இப்படியில்லை, என் வீட்டுக்காரர் போனபிறகு தங்கச்சிமேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன், சில நாள் எரிச்சலில் ஃபோனை எடுக்காமலும் இருந்திருக்கிறேன்.

திறந்து பார்த்துடலாமா என்றார். பாருங்க என்று சொல்லிவிட்டு எதை வேண்டிக்கொண்டேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. புது பெல்ட்டாக இருந்தால் தங்கமான மனுஷரைச் சந்தேகப்பட்ட பாவம், பழசாக இருந்தால்... பழசாக இருந்தால் நாலு வருஷமாக என் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நான் எதில் போய்க்கொண்டிருந்தேன்? புதுசாகவே இருக்கட்டும், பாவம் என்னோடு போகட்டும் என்றுதான் கடைசியில் வேண்டினேன், வேண்டி முடிப்பதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார். எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் டார்ச் அடித்துக் காட்டினார், ஒவ்வொரு போல்ட் தலையிலும் கம்பெனியில் வைத்த மஞ்சள் பெயிண்ட் பொட்டு, உரியாமல் அப்படியே. இதுல இதுவரைக்கும் ஸ்பேனர் பட்டதே இல்ல மேடம் என்றார். மூடி வந்தது. உள்ளே பெல்ட், பதினோரு வருஷத்துப் பெல்ட், பாதவெடிப்பு மாதிரி குறுக்கே குறுக்கே கோடுகள், ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. மாத்திடுங்க, இப்பவே, கூட என்னென்ன மாத்தணுமோ எல்லாத்தையும் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், நாலு வருஷம் வராத வார்த்தை.

மூன்று மணி நேரம் அந்த ஆடுகிற நாற்காலியிலேயே இருந்தேன், கோபம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அத்தான் சிநேகிதரை நம்பி ஏமாந்தாரோ, வாய்தவறிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்ள வெட்கப்பட்டாரோ, இனி அதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது, அறுந்துபோகவில்லை, அதுதானே விஷயம், அறுந்துபோகவில்லை. புது பெல்ட் கறுகறுவென்று பல்சக்கரத்தில் உட்கார்ந்தது, சாவி போட்டதும் எஞ்சின் சமர்த்தாக எழுந்தது, எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்து, தூசி விழுந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் ஒரு பொய் வேறு. பழைய பெல்ட்டை எடுத்துட்டுப் போறீங்களா என்றார். வேண்டாம், தூக்கிப் போட்டுடுங்க என்றேன். அப்போதுதான் ஃபோன் அடித்தது, கன்ட்ரோல் ரூம்.

"நாளைக்குக் கார்லதான் போறாளா? பஸ்ல போகட்டுமேடி."

"கார்லதான் போறா. பெல்ட் மாத்திட்டேன்க்கா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "அப்பாடா" என்றாள் அக்கா, அடிவயிற்றிலிருந்து, ரொம்ப நாள் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி. சேர்ந்ததும் பாப்பாவை ஃபோன் பண்ணச் சொல்லு என்று ஆரம்பித்தவள், வேண்டாம், விடு, அவ நிதானமா பண்ணட்டும் என்று வைத்துவிட்டாள். நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன்... கார் ஓட்டத் தெரியாதவள், சைக்கிள் செயின் கழன்றால்கூட யாரையாவது கூப்பிடுகிறவள், எந்த பெல்ட் என்று அவள் கேட்கவே இல்லை.