பேர் வைக்காத நாய்

நாணலுக்குள் கறுப்பாக ஒன்று பாய்ந்தது. அதன் பின்னால் ஜெயரத்தினம் பாய்ந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பூட்ஸுக்குள் ஏரித் தண்ணீர். நாயின் கழுத்திலிருந்து நீண்ட கயிறு சேற்றில் பாம்பு மாதிரி நெளிந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாணல் முடிந்தால் சரிவு, சரிவு ஏறினால் வீதி. வீதியில் மரம் ஏற்றிய லொறி ஒன்று வருகிற இரைச்சல் அவருக்குக் கேட்டது. நாய் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. இரண்டு தடவை எட்டிப் பிடித்ததில் சேறுதான் கைக்கு வந்தது. மூன்றாம் தடவை விழுந்தே விட்டார். விழுந்த நெஞ்சுக்குக் கீழே கயிறு அகப்பட்டது. லொறி கடந்துபோன காற்று தலையிலிருந்த தொப்பியைக் கொண்டுபோனது.

நாய் திரும்பி வந்து அவருடைய காதை நக்கியது. அதன் உடம்பு நடுங்கியது. அவருடையதும்தான்.

கரையில் லீசா பிஸ்டலைப் பைக்குள் வைத்துவிட்டு நடந்து வந்தாள். ஓட்டப்போட்டிகளில் சுடுவார்களே, வெறும் சத்தம் மட்டும் போடுகிற பிஸ்டல். எல்வெரும் பக்கத்துக் காட்டில் முப்பது வருடமாக லாப்ரடோர் வளர்க்கிறவள் லீசா. இந்த நாயும் அவளுடைய வீட்டுக் களஞ்சியத்தில் பிறந்ததுதான்.

"இன்றைக்கு நான் நன்றாகக் கவனித்தேன், ஜெயா" என்று நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னாள். "நாய் என் கையைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தது. நான் விசையை அழுத்துவதற்கு முன்பே ஓடிவிட்டது."

அவர் சேற்றைத் துடைத்தார்.

"போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவன் நீ. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை."

ஜெயரத்தினம் தலையசைத்தார். ஏழு மாதமாக அந்தத் தலையசைப்பு அவருக்கு நல்ல குடையாக இருந்தது. மழைக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும்.

பதினெட்டு நாள்தான் இருந்தது. செப்டெம்பர் பத்தாம் தேதி வாத்து வேட்டை தொடங்கும். லீசா தன் குட்டிகளைச் சோபாவில் படுக்கவென்று யாருக்கும் கொடுப்பதில்லை. முதல் வேட்டைக்கு முன் நாய் வெடிக்கு அஞ்சாமல் நிற்கவேண்டும். விழுந்த பறவையை நீந்தி எடுத்துவந்து கையில் தரவேண்டும். இல்லாவிட்டால் நாயைத் திருப்பி எடுத்து வேறொரு வேட்டைக்காரரிடம் கொடுப்பாள். வேலை இல்லாத நாய்க்குப் பைத்தியம் பிடிக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் பிரசாந்தன், ஜெயரத்தினத்தின் ஒரே மகன்.

பிரசாந்தன் மின்சார வேலை செய்தான். கூட வேலை செய்த யூலியனோடு சேர்ந்து வேட்டைச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினான். "இந்த வீட்டுக்கை துவக்கும் வராது, நாயும் வராது" என்று அப்பா சொன்னது அவர்கள் குடியிருந்த மோர்டென்ஸ்ருட்டில் பாதித் தமிழ்ச் சனத்துக்குத் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை தனியாக எல்வெருமுக்குப் போனான். திரும்பி வருகிற வழியில் எல்க் மான் ஒன்று வீதிக்குப் பாய்ந்தது என்று பொலிஸ் சொன்னது. கார் மரங்களுக்குள் போயிருந்தது. பின்னால் கூட்டுக்குள் இருந்த, பிறந்து எட்டுக் கிழமையே ஆன குட்டிக்கு ஒரு கீறல் இல்லை. செய்தி சொல்ல வந்த பொலிஸ்காரி அதைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

துக்கம் காத்த அந்த முப்பத்தொரு நாளும் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. எல்லாரும் குசுகுசுத்தார்கள். குட்டியை யாரும் கணக்கெடுக்கவில்லை. அது வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய், யார் அழுகிறார்களோ அவர்களுடைய மடியில் வைத்தது. பிடரியில் தட்டித் துரத்தினாலும் அடுத்த செருப்போடு வந்தது. நாயைத் தொட்டால் கை கழுவுகிற அவர் மனைவி அஜந்தா, எட்டாம் நாள் அதைத் தூக்கி மகனுடைய அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

குட்டிக்குப் பேர் இல்லை. லீசாவின் பத்திரத்தில் பேர் எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. "காரில் போகும்போது யோசிக்கிறேன்" என்று அவன் சொன்னானாம்.

"பிள்ளை என்ன பேர் வைக்க இருந்தவனோ" என்று அஜந்தா அடிக்கடி சொல்வாள். "அது தெரியாமல் நாங்கள் ஒண்டும் வைக்கக் கூடாது."

அப்படிச் சொல்கிறபோதெல்லாம் ஜெயரத்தினம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடிப்பார். கூப்பிடுகையில் நாய் குட்டியாகவே இருந்தது, முப்பது கிலோ வந்த பிறகும்.

துவக்கும் நாயும் வராது என்ற மனிதர் ஏப்ரலிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழும்பினார். பஸ் ஓட்டப் போவதற்கு முன் ஒரு மணித்தியாலம் நாயோடு புல்வெளியில் நின்றார். இரு என்றால் இருக்கப் பழக்கினார். பறவைக்குப் பதிலாகக் கன்வஸ் டம்மியை எறிந்து "அப்போர்ட்" என்றால் ஓடிப்போய் எடுத்துவரப் பழக்கினார். வாயிலிருப்பதைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நீட்டிய கையில்தான் வைக்கவேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு மாதம் போனது. யூலியன் போன வருடம் சுட்ட வாத்து ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்தான். அது மூன்று பையில் சுற்றப்பட்டு அஜந்தாவின் பிரீசருக்குள் கிடந்தது. ரொம்சோஸிலிருந்து வந்த அவளுடைய தங்கச்சி திறந்துவிட்டுத் திகைத்துப் போனாள்.

"அக்கா, மீனுக்குப் பக்கத்திலை இறகோடை என்ன கிடக்குது?"

"அது நாயின்ரை ஸ்கூல் புத்தகம். தொடாதை."

ஜனவரிக்குப் பிறகு அஜந்தா வாய்விட்டு விட்ட முதல் பகிடி அதுதான். ஜெயரத்தினம் குசினி வாசலில் நின்று கேட்டார். இந்த நாயைப் போகவிட்டால் அந்த வீட்டில் இனி ஒரு பகிடியும் வராது என்று அவருக்கு விளங்கியது.

எல்லாம் சரிவந்தது. வெடி மட்டும் சரிவரவில்லை.

செப்டெம்பர் முதல் ஞாயிறு, கடைசிச் சோதனை. அஜந்தாவும் வந்தாள். பிளாஸ்கில் தேத்தண்ணி, ஈயத்தாளில் ரோல்ஸ். பிரசாந்தனின் மழைச் சட்டையைப் போட்டிருந்தாள். கை மடித்தும் நீளமாக இருந்தது. யூலியன் இந்த முறை உண்மையான துவக்கோடு நின்றான்.

"ஜெயா, நீ போய்க் காருக்குப் பின்னால் குனிந்து நில்" என்றாள் லீசா. "நாய் உன்னைக் காணக்கூடாது. யூலியனோடு நிற்கட்டும்."

அவர் போனார். காரின் பின்கதவில் நெற்றியை வைத்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். பொத்தியும் கேட்டது. மூச்சு வந்ததும் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தார்.

நாய் ஓடவில்லை.

யூலியனின் காலடியில் சிலை மாதிரி இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் வெடி. காது மட்டும் அசைந்தது. லீசா வாத்தை ஏரிக்குள் எறிந்தாள். "அப்போர்ட்" என்றான் யூலியன். கறுத்த தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது.

ஜெயரத்தினத்துக்கு ஒரு கணம் சந்தோஷம். ஒரு கணம்தான். லீசா காரடிக்கு வந்துவிட்டாள்.

"அருமையான நாய். பயம் அதற்கில்லை, உனக்குத்தான். உன்னோடு இருந்தால் உன் பயத்தைப் பழகிவிடும். யூலியன் எடுத்துக்கொள்ளட்டும்."

யூலியன் சிவந்த முகத்தோடு, சனிக்கிழமைகளில் கூட்டிவருவேன் என்று கரையிலிருந்து சொன்னான். அஜந்தாவுக்கு நோர்வேஜிய மொழி நன்றாக விளங்கும். பிளாஸ்க் மூடியைக் காரின் பொனற்றில் வைத்தாள். லீசா ஏரிப்பக்கம் திரும்பிப் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நாய்க்கு அண்டைக்குக் கார் அடிபட்ட சத்தம் ஞாபகமில்லை" என்றாள்.

"ஓம்."

"உங்களுக்குச் சண்டையாலையாம். லீசா சொன்னவ."

அவர் தலையசைக்கப் பார்த்தார். முடியவில்லை. கேட்பவள் அஜந்தா.

"இஞ்சேருங்கோ. நீங்கள் எண்பத்தாறிலை படிக்கவெண்டு வந்தனீங்கள். ஷெல்லடி எங்கடை பக்கம் வர முந்தி. பங்கருக்கை கிடந்தது நான். தொண்ணூற்றைஞ்சிலை ஷெல்லுக்குள்ளாலை கிளாலி மட்டும் நடந்தது நான். இப்ப யூலியன் சுட்டவன், நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். ஒரு சொட்டுச் சிந்தேல்லை." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் எந்தச் சத்தத்தைக் கேட்டனீங்கள்?"

ஏரியிலிருந்து நாய் கரையேறியது. வாயில் வாத்து. யூலியன் கையை நீட்டி விசிலடித்தான். நாய் அவனைப் பார்த்தது, பிறகு காருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்ட ஜெயரத்தினத்தைப் பார்த்தது. இடையில் நின்றுவிட்டது.

"குட்டி, இஞ்சை வா" என்றாள் அஜந்தா.

"மிளகு" என்றார் அவர்.

"என்ன?"

"அதின்ரை பேர். மிளகு."

"ஆர் வச்சது?"

"அவன்."

அவள் அசையவில்லை. "அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"எனக்குச் சொன்னவன்."

"எப்ப?"

அவர் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டு அடி எடுத்து வைத்துக் கிட்டே வந்தது.

"அண்டைக்கு. வரேக்கை. நான்தான் போன் எடுத்தனான். காரைத் திருப்பு, அதைக் குடுத்துப்போட்டு வீட்டை வா எண்டனான். ஏசினனான், அஜந்தா. அவன் சிரிச்சவன். மிளகைப் பாத்தா அப்பிடிச் சொல்லமாட்டியள் அப்பா எண்டவன். சரி திருப்புறன் எண்டும் சொன்னவன். பிறகு..."

நாய் இருவருக்கும் நடுவே வந்து இருந்தது. பழக்கியபடி தலையை நிமிர்த்தி, வாயிலிருந்ததைப் போடாமல், நீட்டப்போகிற கைக்காகக் காத்திருந்தது. தொங்கிய சிறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகனுடைய சட்டையின் நீண்ட கைகளுக்குள் அஜந்தாவின் கைகள் மறைந்திருந்தன. ஜெயரத்தினத்தின் கைகள் காதுகளுக்குப் போயிருந்தன.