புதிமிர் தேர்ந்தெடுத்த கைடுகள்

புதிமிர் ஐந்தாவது கைடையும் மேசைமேல் வைத்து, சந்தையில் வாங்கி வந்த கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல அதன் அட்டையைத் தடவியபோது, துன்யாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

நீஷ் நகரத்துக்கு வெளியே இருந்த அந்த மரச்சாமான் ஆலையின் கணினிப் பிரிவில் மூன்றே பேர். பிரிவுத் தலைவர் புதிமிர், ஐம்பதைத் தாண்டியவர். பல வருடங்களாக ஆலையின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்த்துவரும் துன்யா. மூன்றாவது ரெல்யா, தன் வேலையைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தவன். ஆலையில் சாமான் வாங்கும் ஜெர்மன்காரர்கள் அந்த வசந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதற்கான தேர்வெழுதி சர்டிபிகேட் வாங்கியிருக்க வேண்டும். இலையுதிர் காலத்துக்குள் வாங்காவிட்டால் வேலையைத் தூக்கி பெல்கிரேட் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடுவேன் என்று ஆலை இயக்குநரும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து புதிமிர் கைடு தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். படிக்கத்தான் ஆரம்பிக்கவில்லை.

"சரியான கைடு கெடச்சா பாதிப் பரீட்சை முடிஞ்ச மாதிரி" என்றார்.

"மீதிப் பாதிய யாரு எழுதுவா தலைவரே?"

"அவசரப்படாத துன்யா. இதுல எழுத்து பெருசா இருக்கு, ஆனா படம் கம்மி. அதுல படம் ஜாஸ்தி, ஆனா மாதிரிக் கேள்வி பத்தாது. இதோ இது, வாசகருங்க ரொம்பப் புகழ்ந்திருக்காங்க. ஒருத்தர் மட்டும் பைண்டிங் சரியில்லன்னு எழுதியிருக்காரு. அதான் யோசிக்கறேன்."

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டுப் பந்தலுக்குக் கால் எத்தனை என்று எண்ணுகிற ஆள் என்று துன்யா நினைத்துக்கொண்டாள். முன்னுரைகளை மட்டும் அவர் ஒரு வரி விடாமல் படித்திருந்தார். ஒவ்வொரு கைடுக்கும் எதற்கெதற்கு எத்தனை மதிப்பெண் என்று கணினியில் அட்டவணை போட்டார். நிறம் நிறமாகக் கட்டம் போட்டார். கோடை வந்தபோது அவரிடம் ஒன்பது கைடு இருந்தது. ஒன்றில்கூட இரண்டாம் அத்தியாயம் வரை பக்கம் மடங்கவில்லை.

ரெல்யா கைடு பக்கமே போகவில்லை. கைப்பேசிக் குழு ஒன்றில் யாரோ முகம் தெரியாதவனிடம் 'அசல் கேள்விகள், விடையோடு' என்று ஒரு கட்டு வாங்கியிருந்தான்.

"ஒண்ணு பி, ரெண்டு டி, மூணு ஏ. முந்நூறு கேள்வி, அப்படியே தலைக்குள்ள ஏத்திட்டேன்" என்றான், புரெக் பலகாரம் தின்ற எண்ணெய்க் கையைத் துடைத்தபடி.

"கேள்வி என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"கேள்விய அவங்க குடுப்பாங்க. பதில் நான் குடுப்பேன். உனக்கென்ன கஷ்டம்?"

துன்யாவுக்கு இருவர் மேலும் இருந்த இளக்காரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவளுக்கும் ஒரு கைடு வேண்டுமே. புதிமிர் கழித்துப் போட்ட பைண்டிங் சரியில்லாத தடிப்புத்தகத்தை எடுத்தாள். பேருந்தில் தூக்கிப் போக முடியாத கனம். மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி மூன்றாகப் பிளந்தாள்.

புதிமிர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஐயோ, புத்தகத்தக் கிழிச்சுட்டியே! உனக்குப் புத்தகத்து மேல மரியாதையே கிடையாதா?"

"மரியாதைய நீங்க வச்சுக்குங்க தலைவரே. எனக்குப் பாடம் போதும்."

அந்தப் புத்தகத்தையும் அவள் வெறுத்தாள். எழுதியவன் பக்கத்துக்குப் பக்கம் ஜோக்கடித்தான். அத்தியாயம் முடியும்போதெல்லாம் 'பலே, சாதித்துவிட்டீர்கள்!' என்று முதுகில் தட்டினான். என்னத்தைச் சாதித்தேன், இறங்க வேண்டிய ஆலை நிறுத்தத்தைத் தாண்டிப் போனதைத் தவிர, என்று பேருந்தில் முணுமுணுத்துக்கொண்டே படித்தாள்.

ஒருநாள் அந்த ஜோக்கடிக்கிறவன், ஒரு நெட்வொர்க்கை எப்படித் துண்டு துண்டாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்த பக்கம் வந்தது. பிரிக்காமல் ஒரே கும்பலாக விட்டால் ஓரிடத்தில் வருகிற கோளாறு எல்லா இடத்தையும் முடக்கும் என்றிருந்தது. துன்யாவுக்கு முகம் சுட்டது. வார்னிஷ் அடிக்கிற கூடத்தில் ஏதாவது ஒரு இயந்திரம் மக்கர் செய்தால் கணக்குப் பிரிவு முழுவதும் உறைந்துபோகும். இத்தனை வருடமாக அவள் கேபிளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். கேபிளை மாற்றாத பயல்கள் என்று மேலிடத்தையும் திட்டினாள். அந்தச் சனிக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்து பிரித்து வைத்தாள். கணக்குப் பிரிவு அதன்பிறகு உறையவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த எழுத்தாளன் மேலிருந்த கோபம் மட்டும் அதிகமாயிற்று.

செப்டம்பரில் அவளும் ரெல்யாவும் தேர்வெழுதப் போனார்கள். ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருந்த தேர்வு மையம் அது. ரெல்யா போன வேகத்தில் வெளியே வந்து, துன்யா வரும் வரை படியில் காத்திருந்தான்.

"வினாத்தாளையே மாத்திட்டானுங்க. ஒரு கேள்விகூட என்னோடது இல்ல. ஏமாத்துக்காரப் பசங்க!"

"யாரு, பரீட்ச வச்சவங்களா? உனக்கு வித்தவனா?"

துன்யா தேறியிருந்தாள், மயிரிழையில். அந்த மயிரிழை அவளுக்கு ஒரு வாரம் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

புதிமிர் தேர்வுக்கே வரவில்லை. நவம்பரில் ஒரு கைடின் புதிய பதிப்பு வருகிறதாம், அதைப் பார்க்காமல் எழுதுவது மடத்தனமாம். இயக்குநர் காரணம் கேட்டபோது தன் அட்டவணைகளை ஓர் அறிக்கையாகத் தைத்து நீட்டினார். இயக்குநர் அதன் வண்ணக் கட்டங்களில் சொக்கிப்போய், பெல்கிரேட் கம்பெனிப் பேச்சையே மறந்து, அதை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். அவர்களுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. தங்களுக்குச் சாமான் செய்யும் மற்ற ஆலைகளுக்கும் இவரே கைடு தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும் என்று எழுதினார்கள். கூடவே ஒரு வரி: அவருடைய சர்டிபிகேட் எண்ணையும் அனுப்பி வையுங்கள்.

மறுநாள் மதியம் புதிமிர், பலகைகள் அடுக்கியிருந்த முற்றத்தில் துன்யாவைத் தனியே பிடித்தார்.

"நீ எனக்குச் சொல்லித் தரணும்."

"உங்ககிட்டதான் ஒன்பது கைடு இருக்கே."

"பதினொண்ணு" என்றார் புதிமிர், தலையைக் குனிந்துகொண்டு. "காலேஜ்ல இந்தப் பேப்பர்ல மூணு தடவ கோட்டை விட்டேன். மூணாவது தடவ மார்க் ஒட்டினப்போ எங்கப்பா லெஸ்கோவாட்ஸ்லேர்ந்து வந்து என் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. அப்படியே பஸ்ஸேறிப் போயிட்டாரு. பிரிக்காத புத்தகம் யாரையும் பெயிலாக்காது, துன்யா."

துன்யா தன் மனத்துக்குள் இரக்கத்தைத் தேடிப் பார்த்தாள். ஏதோ கொஞ்சம் இருந்தது. அதையும் கொடுக்க மனம் வரவில்லை.

"திங்கக்கிழம வாங்க. கையில ஒரு கைடும் இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை வந்தார், அக்குளில் ஒரு புத்தகத்தோடு.

"என்ன தலைவரே இது?"

"இது கைடு இல்லம்மா. கைடை எப்படிப் படிக்கணும்னு சொல்ற புத்தகம்."

அவள் அதை வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். குளிர்காலம் பிறக்கிற வரை, வேலை முடிந்தபிறகு, ஆலையின் நெட்வொர்க்கையே காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பொறுமையாகச் சொல்லவில்லை. "மண்டையில என்ன மரத்தூளா?" என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டி முடித்ததும், "இது எந்தப் பக்கத்துல வரும்?" என்று கேட்டார்.

தேர்வன்று பனி தூறியது. துன்யாவும் ரெல்யாவும் வங்கிக்கு எதிரே இருந்த காபிக் கடையில் காத்திருந்தார்கள். புதிமிர் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஒரு கோப்பை ராக்கியாச் சாராயம் கேட்டார். முகத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிட்டது.

"கைடு சரியில்ல" என்றார்.

"எந்தக் கைடு?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான் ரெல்யா.

புதிமிர் கையை நீட்டித் துன்யாவைக் காட்டினார். கேலி இல்லை, கோபமும் இல்லை. அட்டவணையில் மதிப்பெண் போடுகிற அதே முகம்.

"விஷயம் இருக்கு. ஆனா விளக்கம் பத்தாது. வாசகர் மேல மரியாதை இல்ல."

துன்யாவின் வாயில் வசவு ஒன்று வந்து நின்றது. கோப்பையில் மிச்சமிருந்த காபியை வண்டலோடு குடித்துவிட்டு எழுந்தாள்.

ஜெர்மன்காரர்கள் சர்டிபிகேட் எண்ணைத் திரும்பக் கேட்கவே இல்லை. புதிமிர் இன்றும் கைடு தேர்ந்தெடுத்து அனுப்புகிறார், கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். துன்யா வசந்தத்தில் நகருக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குக் கீழே இருவர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு எதையாவது விளக்கும்போது, குரல் ஏறப் போகிற நேரத்தில் சட்டென்று நிறுத்திக்கொள்கிறாள். ஏன் நிறுத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் புதிமிரை இன்னும் கொஞ்சம் அதிகமாக வெறுக்கிறாள்.