சும்மா நடப்பது

...குதிகால் முதலில், பிறகு பாதம், கடைசியில் விரல், இதைத்தானே இருபத்தாறு வருடம் ஊரான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம், இப்போது இந்த ஸ்வாதி, பிசியோதெரபி படித்து முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது, அதையே தனக்குச் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள் ஹில்டா. கோபம் இல்லை, சிரிப்பும் வரவில்லை. மூட்டு மாற்றி ஏழு வாரம் ஆகிறது, அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கிறாள், முட்டி வலிக்காரர்கள் ஏறி வரவேண்டிய இடத்தை எவன் மாடியில் கொண்டுபோய் வைத்தான்... "உடம்ப விறைப்பா வச்சுக்காதீங்க ஆன்ட்டி, ஸ்டேஜ்ல வர்ற மாதிரி இருக்கு. சும்மா நடங்க." சும்மா நடப்பது என்றால் எப்படி? அறுபத்திரண்டு வயதில் அதை யாரிடம் போய்க் கேட்பது?

அவள் சொல்லிக்கொடுத்தது மலையடிவாரத்தில் இருந்த ஒரு கல்லூரியில், அங்கே பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, என்ன படிக்கலாம் என்பதைக்கூட மாணவர்களே மரத்தடியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். அங்கே படிக்கப் போனவள் பிறகு அங்கேயே நடன ஆசிரியையாகவும் ஆகிவிட்டாள், நடனம் என்றால் சலங்கை இல்லை, முத்திரை இல்லை, கதையும் இல்லை. சேக்காட்டில் இருக்கும் அண்ணன் இக்னேஷியஸுக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை, பரதமா என்றார், இல்லை, சினிமா டான்ஸா, அதுவும் இல்லை, "அப்போ எக்சர்சைஸா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் வகுப்பில் முதல் மூன்று மாதம் வெறும் நடைதான். யாரையும் பார்க்காதே, யாருக்காகவும் நடக்காதே, உனக்கும் தரைக்கும் மட்டும்தான் பேச்சு, எத்தனை தடவை சொல்லியிருப்பாள்... ரியா என்று ஒரு பெண், ஆண்டு விழாவில் நடந்து வரும்போது முன்வரிசையில் அம்மாவைப் பார்த்துவிட்டாள், சிரித்துவிட்டாள், அவ்வளவுதான், நடுவில் நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால், முதலிலிருந்து நட என்றாள் ஹில்டா. இரண்டாம் முறை அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, நடை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. கோடை விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கடிதம் எழுதியிருக்கலாமோ? எழுதவில்லை. இரண்டு வருடம் முன்பு, சேர ஆளில்லை என்று கல்லூரியையே மூடினார்கள், கடைசி நாள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதபோது இவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தாள், அழுகை எதுவும் வரவில்லை.

பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார், தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. ஐந்து நிமிடமாக ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இவருக்குப் பயம் காலில் இல்லை, கழுத்தில் இருக்கிறது, வகுப்பாக இருந்தால் கழுத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று ஹில்டா தன் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தாள். அந்தக் கோடியில் கட்டைப்பையோடு நின்ற அவர் மனைவி கெங்கம்மாளுக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை.

"யோவ், தரையில இன்னா கீது? என்னப் பாருய்யா. வா."

"உயுந்துடுவேன்டி..."

"உயுந்தா நா புடிக்க மாட்டனா? இத்தினி நாளு யாரு புடிச்சா? வா."

அவர் தலையைத் தூக்கினார், மனைவியைப் பார்த்தார், நடந்தார். கால் இழுத்தது, தோள் கோணியது, வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது, பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பு, தன் வகுப்பில் இதை நடை என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள், ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டாரே... அப்படியானால் அந்த ரியா, அன்றைக்கு, முதல் தடவை நடந்தாளே, அதுதான் நடையோ? எதற்கு இப்போது இந்த யோசனை, குதிகால் முதலில், பிறகு பாதம்.

"இன்னாம்மா, நானும் பாத்துகினேதான் கீறேன், டெய்லி தனியாவே வந்துகினு போற, எதுர்ல நிக்க ஒனக்கு யாரும் இல்லியா?" கெங்கம்மாள்தான். அண்ணன் கீழே ஆட்டோவில் இருக்கிறார், மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும் என்று சொன்னாள் ஹில்டா. "அட இரு, நா வர்றேன்." வேண்டாம் என்று சொல்வதற்குள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றுவிட்டாள். ஒரு பக்கம் மட்டும் மூக்குத்தி, வெற்றிலைக் கறை, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, அந்த இடைவெளி தெரியச் சிரிக்கிறாள், யாரென்றே தெரியாதவளைப் பார்த்து இப்படிச் சிரிக்க முடியுமா ஒருத்தியால்... "அவ்ளோதாம்மா, வந்துட்ட பாரு."

வந்துவிட்டோமா? "சூப்பர் ஆன்ட்டி, இப்பதான் நார்மலா நடந்தீங்க," என்று ஸ்வாதி கோப்பில் ஏதோ எழுதினாள். ஹில்டா திரும்பிப் பார்த்தாள், பத்தடி தூரம்தான். எந்தக் கால் முதலில் போனது? முப்பது வருடம் முன்பு ஆடியதில் எந்த இடத்தில் எந்த விரல் இருந்தது என்றுகூடச் சொல்லிவிடுவாள், இந்தப் பத்தடி மட்டும் நினைவில் இல்லை, வலித்ததா என்பதும் தெரியவில்லை. இது மறதியா, இல்லை இதற்கு வேறு பெயரா, கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது கெங்கம்மாள் குனிந்து கணவரின் காலில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.