கீழே எழுதிய எண்கள்

அவித்த வேர்க்கடலையை உரித்து என் வாயில் ஒன்று, தன் வாயில் ஒன்று என்று போட்டுக்கொண்டே, என் கணவர் மொகாக்கா என் மடியிலிருந்த பிரெயில் தாளைத் தடவினார்.

"என்ன டீச்சரம்மா, ஒரே கமாவா கிடக்கு? விக்கல் எடுத்தவன் அடிச்சானா?"

"கமா இல்லய்யா, ஒண்ணு. அமெரிக்காவுல கணக்குப் புத்தகத்துல எண்ணோட புள்ளிகளைக் கட்டத்துல கீழ இறக்கி எழுதுவாங்க."

"நான் படிச்ச புத்தகத்துல இங்கிலாந்துக்காரன் மேலதானே எழுதினான்?"

"அவன் மேல, இவன் கீழ. ரெண்டு பேரும் இனாமாக் குடுத்ததை நம்ம பிள்ளைங்க சேர்த்துப் படிக்குதுங்க."

"அங்கயும் ரெண்டு கட்சியா!" என்று சிரித்தார். நான் பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மொகாக்காவுக்குத் தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. இருவருக்கும் பார்வை கிடையாது. சாலை திறந்துவிட்டது என்று வானொலி சொன்னதை நம்பி, கென்யாவின் தேர்தல் கலவரத்துக்கு நடுவே கிஸியிலிருந்து நக்குருவுக்குப் பேருந்தில் கிளம்பியிருந்தோம்.

வண்டி சட்டென்று நின்றது. கண்ணாடி உடைந்து என் மேல் கொட்டியது.

"அடையாள அட்டையை எடு! எல்லாரும் இறங்கு!"

வழிமறித்தவர்கள் பெயரைப் பார்த்து இனம் பிரித்தார்கள். எங்கள் பெயர்கள் அந்தப் பக்கத்துப் பெயர்கள் இல்லை. எனக்கு முன்னால் நின்றவரை வெட்டினார்கள். அவர் மூச்சு என் செருப்பருகே குமிழிட்டு அடங்கியது.

"குருடங்கடா, விட்டுத்தொலை" என்றான் ஒருவன்.

இன்னொருவன் என் பையைக் கவிழ்த்தான். "இங்க பாரு அண்ணே, தாள் பூரா ஓட்டை. ரகசியச் சேதி கொண்டு போறாங்க."

"புள்ளைங்க கணக்குத் தம்பி" என்றேன்.

அண்ணன் எனப்பட்டவன் சாராய நெடியோடு கிட்டே வந்தான். "அப்பிடியா? நீ படி. அப்புறம் உன் புருஷன் படிக்கட்டும். ஒண்ணா வந்தா ரெண்டு பேரும் போலாம்."

மொகாக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் விரலை முதல் வரியில் அழுத்தினான். "பன்னிரண்டும் முப்பத்துநாலும் கூட்டு" என்று படித்தேன். தாளைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

மொகாக்காவின் குரல் கேட்டது. தொலைபேசியில் பேசுவது போல நிதானமாகவே பேசினார். "கணக்குதான் தம்பி. ஆனா இது அமெரிக்க முறை. என் விரலுக்குக் கமா, அரைப்புள்ளின்னுதான் படுது."

"அவ பன்னிரண்டுங்கிறா, இவன் கமாங்கிறான்!"

"குருடன் எழுத்து குருடனுக்கே தெரியலையாம்டா!"

சிரித்தார்கள். நான் கத்தினேன். "அவருக்கு வேற முறை தம்பி! இங்கிலாந்து முறை! பைக்கு அடியில அவரு புத்தகம் இருக்கு, அதைக் குடுங்க, கடகடன்னு படிப்பாரு!"

"அமெரிக்கா வந்துச்சு, இங்கிலாந்து வந்துச்சு. அடுத்து யாரும்மா, சீனாவா?"

பையைத் துழாவக் குனிந்தேன். புறங்கையில் கட்டையால் அடித்தான். எலும்பு உடைந்தது காதிலேயே கேட்டது. இடது கையால் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

முதல் வெட்டு மொகாக்காவின் எலும்பில் பட்டது. "க்வாம்போக்கா, பேசாதே" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் ஈரமான சத்தங்கள். நான் ஊர்ந்து அவரிடம் போய்ச் சேர்ந்தபோது முகத்தை முகமாக உணர முடியவில்லை. காதைத் தொட்டுத்தான் அவர் என்று தெரிந்துகொண்டேன். என் தலையிலும் அடித்தார்கள். ராணுவ வண்டியின் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, பல நாடுகள் கூடிப் பேசி முடித்த பொது பிரெயில் முறை எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதில் எண்கள் மேலே. மொகாக்கா தடவியிருந்தால் தடங்கலில்லாமல் படித்திருப்பார். பிள்ளைகளுக்கு நான்தான் இடது கையால் அதைச் சொல்லித்தருகிறேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போக அந்த ஒரு சாலைதான். இப்போது அகலப்படுத்தி, புதுத் தார் போட்டிருக்கிறார்கள். அந்த இடம் வந்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் வலப்பக்கம் சாய்வோம். வளைவை அவர்கள் நேராக்கவில்லை.