ஊக்கியில் மிஞ்சிய கரி

காத்தான்குடி ரோல்ஸ் கடைகளில் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி வந்து, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேதிவினையைத் தூண்டும் சூடான ஊக்கித் தூளின் மேல் ஆவியாக விட்டு உடைப்பதுதான் என் முதுமாணி ஆய்வு. உடைந்து வரும் வாயுவில் புரொப்பீன் எவ்வளவு என்பதே கேள்வி. பிளாஸ்டிக் கதிரைக்கும் தோணிக் கயிற்றுக்கும் மூலப்பொருள் அதுதான்.

ஐந்நூறு பாகையில் எட்டு சதவீதம் வந்தது. அறுநூறில் ஒன்பது. நடுவே ஐந்நூற்றைம்பதில் மட்டும் பதினான்கு, அதுவும் பன்னிரண்டு முறை. அதை வைத்துக் கட்டுரை எழுதினேன், கொழும்பு ஆய்வரங்கு ஏற்றுக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போக ஒரு வாரம் இருக்க, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்நூற்றைம்பதில் இன்னொரு முறை செய்தேன். ஒன்பது. மறுநாளும் ஒன்பது. வாயு அளக்கும் கருவிக்கு ஏசினேன், எண்ணெய் தந்த ரோல்ஸ் கடை மஜீட் காக்காவுக்கு ஏசினேன். பக்கத்து மேசையில் தன் பாட்டில் உமிச் சாம்பலை நிறுத்துக்கொண்டிருந்த மண்டூர் சதீசனுக்கும் ஏசினேன், பாவம்.

அவன் கோபப்படாமல் என் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினான்.

"இந்தப் பன்ரெண்டும் உங்கட நோன்பு மாசத்தில செஞ்சதுதானே? அப்ப நீங்க வீட்ட போற வேன் நாலு மணிக்கே போயிரும். மூண்டரைக்கு முடிச்சுப்போட்டு, ரெண்டு மணித்தியாலம் கரி எரிச்சதெண்டு எழுதியிரிக்கீங்க. எப்பிடி?"

புத்தகத்தை வாங்கித் தேதிகளைப் பார்த்தேன்.

எண்ணெய் உடையும்போது ஊக்கியில் கரி படியும். இரண்டு மணித்தியாலம் சூடான காற்றை விட்டு அதை எரித்த பிறகே மறுநாள் வேலை. நோன்பு நாள்களில், கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போய் நோன்பு திறக்கும் அவசரத்தில், அரை மணித்தியாலத்தில் காற்றை மூடிவிட்டு வேனுக்கு ஓடியிருக்கிறேன். 'இரண்டு மணித்தியாலம்' என்பதைக் காலையிலேயே எழுதி வைத்துவிடுவேன்.

அன்று வேண்டுமென்றே அரை மணித்தியாலம் மட்டும் எரித்தேன். மறுநாள் பதினான்கு வந்தது. வெப்பநிலை அல்ல, மிஞ்சிய கரிதான் காரணம். சுத்தமான ஊக்கி புரொப்பீனில் ஐதரசனைச் சேர்த்து வேறொன்றாக்கிவிடுகிறது. கரி படிந்த ஊக்கிக்கு அந்த வேகம் இல்லை.

என் மேற்பார்வையாளர் அன்னப்பூரணி மெடத்திடம் எண்களைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"அருமை றுமானா! கரியை மிச்சம் விடுறதெண்டு எப்பிடித் தோணிச்சு?"

சும்மா சிரித்தாலே போதும். கட்டுரை முன்னையதைவிட நன்றாக வரும். எல்லாம் தெரிந்த சதீசன் குனிந்து தன் சாம்பலை நிறுத்துக்கொண்டிருந்தான்.

"தோணல்ல மெடம். வேனுக்கு ஓடினன். புத்தகத்தில பொய் எழுதினன்."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். மெடம் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இந்தமுறை ஆய்வரங்குக்குப் போகேலா. பன்ரெண்டையும் முதல்ல இருந்து செய்யுங்க. எவ்வளவு நேரம் எரிக்கிறீங்களோ, அதையே எழுதுங்க."

கொழும்பு கைவிட்டுப்போனதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்த நாள்களில்தான், நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பொய் எழுதியிருக்கிறேன். அதுதான் நெஞ்சைச் சுட்டது. திரும்பச் செய்யும் பன்னிரண்டு நாளும் நோன்பு வைப்பதென்று முடிவெடுத்தேன். யாரும் சொல்லவில்லை.

இன்று முதல் நாள். நாலரைக்குக் காற்றைத் திறந்தேன். நோன்பு மாதம் முடிந்து பழைய நேரத்துக்கு மாறியிருந்த வேன் ஐந்தரைக்கு ஹோன் அடித்தது. "நீங்க போங்க, நான் பஸ்ஸில வாறன்" என்றேன். நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு கேட்டபோது ஊக்கியின் பக்கத்தில் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். ஆறரைக்குக் காற்றை மூடினேன். அதன் பிறகுதான் பேனையை எடுத்தேன்.