எம்லினின் பஸ் சாவி

நான்கு நாள் விடுப்பு முடிந்து வந்த கிளெனிஸ், நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் எம்லினின் எடைக் குறிப்பைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு கிலோ கூடியிருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது.

மறதி நோய் வந்த முதியவர்களின் வார்டில் முப்பத்தொரு வருஷமாக நர்ஸாக இருப்பவள். அவள் இல்லாத நாளில் எம்லின் தட்டைத் தொடமாட்டார் என்பது வார்டே அறிந்த விஷயம். ஒவ்வொரு விடுப்புக்கும் அவர் எடை இறங்கும். "உன்ன விட்டா ஆளில்ல" என்பார்கள். வெளியே அலுத்துக்கொள்வாள், உள்ளே குளிர்ந்துபோவாள்.

விஷயம் சின்னதுதான். பிரெக்கன் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் எம்லின். ஜன்னலோர நாற்காலியில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுகிறவர் எப்படிச் சாப்பிடுவார்? டெப்போ வந்துவிட்டது என்று சொல்லிக் கை நீட்டினால், இல்லாத சாவியை அதில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுப்பார். சாப்பிட்டதும் கிளெனிஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மறுநாளும் அவர் அவளுக்காகக் காத்திருக்க வேண்டுமே.

இப்படிப்பட்டதையெல்லாம் எழுதிவைக்கத்தான் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு தாள் மாட்டியிருக்கிறது. எம்லினின் தாளில் 'சாப்பாடு' என்ற கட்டம் மூன்று வருஷமாகக் காலி. கிளெனிஸ் எழுதவில்லை.

இன்று அதில் மோர்வெனின் கோழிக்கிறுக்கல். ரொட்டிக்கடையில் பதினைந்து வருஷம் நின்றுவிட்டு, நாற்பது வயதில் நர்ஸாகி வந்தவள். வேலைக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவளே ஓடிவந்து சொன்னாள்.

"சும்மா அவருக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன், கிளெனிஸ். ரொம்ப நேரம். திடீர்னு திரும்பி எதையோ என் கையில வச்சாரு. கீழ போட மனசு வரல, பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அன்னையிலேருந்து மூணு வேளையும் சாப்பிடறாரு. அது என்னவா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் கிளெனிஸ். தான் மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியதை இவளுக்குக் கேட்காமலே கொடுத்திருக்கிறார்.

மதியம் ஆட்டுக்கறிச் சூப்பை அவளே எடுத்துப் போனாள். எம்லினின் கைகள் மடியில் கிடந்தன. முகத்தில் அந்தப் பழைய பரபரப்பு இல்லை.

"டெப்போ வந்தாச்சு எம்லின். சாவியக் குடுங்க."

"குடுத்தாச்சேம்மா. அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு" என்றார், யாரோ ஒரு பயணியிடம் சொல்வது போல. ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தார்.

கிளெனிஸ் நேராக மோர்வெனிடம் போனாள். அது பஸ் சாவி என்று சொன்னாள். சாப்பிட்டதும் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம் என்றும் சொன்னாள்.

"இப்படிக் குடு."

மோர்வெனின் கை பாக்கெட்டுக்குள் போனது. அங்கேயே நின்றது. எம்லின் தட்டை வழித்துத் தின்பதைப் பார்த்தாள்.

"திருப்பிக் குடுத்தா மறுபடி ஓட்ட ஆரம்பிச்சுடுவாரே, கிளெனிஸ்?"

சூப்பு பட்டுப் பிசுபிசுத்த கிளெனிஸின் உள்ளங்கை நீட்டியபடியே இருந்தது.